லாக் படிக்கிற புரோகிராமுக்கு எதற்குக் காவல்?

லினக்ஸில் எந்தப் புரோகிராம் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸ் பற்றிப் பேச்சு வந்தாலே வெப் சர்வரை எப்படிக் கட்டுப்படுத்துவது, டேட்டாபேஸை எப்படிக் கட்டுப்படுத்துவது என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். வெளியிலிருந்து வருகிறவன் முதலில் தொடுவது அவற்றைத்தான் என்பதால் அது நியாயம்தான். சர்வரில் நடப்பதையெல்லாம் பதிந்து வைக்கும் லாக்கைப் படிக்கிற புரோகிராமைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. "அது படிக்கத்தானே சார் செய்யுது, எதையும் தொடுறதில்லையே" என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் எழுதியதை ரூட் என்கிற முழு நிர்வாகி அதிகாரத்தோடு உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பது அந்தப் புரோகிராம்தான். எஸ்இலினக்ஸ் மாதிரிக் கட்டாய அணுகல் கட்டுப்பாட்டுப் பாலிசி எழுதுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஆள் சர்வரில் வேறு யாரும் இல்லை என்பது என் கட்சி.

லாக்கை நம் சர்வர்தானே எழுதுகிறது என்று தோன்றும். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் லாக்கில் 'இன்வாலிட் யூசர்' என்பதற்கு அடுத்து வரும் பெயரைத் தந்தது யார்? உள்ளே நுழையப் பார்த்தவன். வெப் சர்வர் லாக்கில் பிரவுசரின் பெயர் என்று பதிவாவது, எதிர்முனையில் இருப்பவன் என்ன அனுப்பினானோ அதுதான். மெயில் சர்வர் லாக்கில் இருக்கும் அனுப்புநர் முகவரியும் அப்படியே. உள்ளே நுழைய முடியாமல் திரும்பிப் போனவன்கூட நம் லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் போகிறான்.

லாக்வாட்ச் என்று ஒரு பழைய பெர்ல் புரோகிராம் உண்டு. ரெட்ஹேட் வகை சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் தினமும் அதிகாலையில் அதைக் கிளப்பிவிடும். முந்தைய நாள் லாக்குகளைப் புரட்டி, எத்தனை பேர் தப்பான பாஸ்வேர்டு போட்டார்கள், என்னென்ன பேக்கேஜ் ஏறியது, டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று தொகுத்து ரூட்டுக்கு ஒரு மெயில் அனுப்பிவிட்டுப் படுத்துக்கொள்ளும். 2011-இல் இதில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. ஓட்டைகளுக்கான சிவிஇ பட்டியலில் அதன் எண் சிவிஇ-2011-1018. லாக்குக்குள் எழுதியிருப்பது இருக்கட்டும், லாக் கோப்பின் பெயரிலேயே விஷமம் செய்ய முடிந்தது. செமிகோலன், பேக்டிக் மாதிரி, கட்டளைகளை ஓட்டும் ஷெல்லுக்குப் பொருள் தரும் குறிகள் கோப்பின் பெயரில் இருந்தால், லாக்வாட்ச் அந்தப் பெயரை அப்படியே தூக்கி ஷெல்லிடம் கொடுத்துவிடும். ஷெல் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு ஓட்டிவிடும், அதுவும் ரூட்டாக.

வெளியாள் எப்படி நம் லாக் கோப்புக்குப் பெயர் வைப்பான் என்று கேட்கலாம். விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிரும் சாம்பாவில் வைக்கலாம். இணைகிறவரின் பெயரைக் கொண்டே ஒவ்வொருவருக்கும் தனி லாக் கோப்பு உண்டாகும்படி அதை அமைக்க முடியும். அப்படி அமைப்பது வழக்கமும்கூட. ஒருவன் விஷமமான யூசர் பெயரோடு வந்து கதவைத் தட்டுகிறான். சாம்பா அவனை உள்ளே விடவில்லை, ஆனால் கடமை தவறாமல் அவன் பெயரில் ஒரு லாக் திறந்துவிட்டது. மறுநாள் அதிகாலை லாக்வாட்ச் வந்து அதைப் படிக்கிறது. மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கும் முன்பு, 2002-இல், தற்காலிகக் கோப்பு வைக்கும் இடத்தில் வேறொரு கோப்பைச் சுட்டும் சிம்லிங்க் வைத்து ஏமாற்றும் ஓட்டை ஒன்றும் இதே லாக்வாட்சில் இருந்தது. இரண்டையும் எப்போதோ அடைத்துவிட்டார்கள். லாக்வாட்ச் எழுதியவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நூறு விதமான லாக்கை நூறு விதமான ஸ்கிரிப்ட் வைத்துப் படிக்கிற எந்தப் புரோகிராமிலும் இப்படி ஒன்று எங்காவது ஒளிந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் கட்டாய அணுகல் கட்டுப்பாடு வருகிறது. வழக்கமான யூனிக்ஸ் முறையில் கோப்பு யாருடையதோ அவர் அனுமதி தருவார். அவர் அவசரத்தில் 777 போட்டுவிட்டால் ஊருக்கே திறந்த வீடு. ரூட்டாக இருந்தால் கேள்வியே கிடையாது. கட்டாய முறையில் உரிமையாளரின் விருப்பத்துக்கு மேலே இன்னொரு பாலிசி இருக்கும். எந்தப் புராசஸ் எதைத் தொடலாம் என்று அதில் எழுதியிருக்கும். எழுதாதது எதுவும் நடக்காது, ரூட்டாக இருந்தாலும். லினக்ஸில் இதற்கு வழி போட்டது அமெரிக்காவின் என்எஸ்ஏ 2000 டிசம்பரில் மூலநிரலோடு வெளியிட்ட எஸ்இலினக்ஸ். 2003-இல் அது லினக்ஸின் மையமான கெர்னலின் 2.6 வரிசைக்குள் வந்தது. உளவு நிறுவனம் எழுதியதை நம் சர்வரில் ஓட்டுவதா என்று அந்தக் காலத்தில் பெரிய சர்ச்சை நடந்தது. இன்று யாரும் அதைப் பேசுவதில்லை; பிடிக்காதவர்கள் சத்தமில்லாமல் அணைத்துவிடுகிறார்கள்.

எஸ்இலினக்ஸில் லாக்வாட்சுக்கென்று தனிப் பாலிசியே இருக்கிறது. அதன் நிரல் கோப்புக்கு லாக்வாட்ச்_எக்செக்_டி என்று லேபிள், அதாவது பாலிசி பார்க்கும் அடையாளச் சீட்டு. கிரான் அதை ஓட்டும்போது புராசஸ் லாக்வாட்ச்_டி என்ற டொமைனுக்குள், அதாவது தனக்கான கட்டுப்பாட்டு வட்டத்துக்குள், போய்விடும். அங்கிருந்து, பாதுகாப்பு நிகழ்வுகளைப் பதியும் ஆடிட் லாக்கைத் தவிர, மற்ற லாக் கோப்புகளைப் படிக்கலாம். எழுதுவதற்குத் தனக்கென்று ஒரு கேஷ் அடைவு, ஒரு பூட்டுக் கோப்பு, தற்காலிகக் கோப்புகள் உண்டு. அவற்றுக்கும் தனித்தனி லேபிள். மெயில் அனுப்புகிற வேலை மட்டும் லாக்வாட்ச்_மெயில்_டி என்கிற இன்னொரு டொமைனில் நடக்கும். நெட்வொர்க்கில் வேறொரு மெயில் சர்வரோடு நேரே பேச வேண்டுமானால் அதற்கு ஒரு பூலியன் சுவிட்ச் இருக்கிறது, இயல்பில் அது மூடியே இருக்கும். படிக்கிற வேலையையும் வெளியே அனுப்புகிற வேலையையும் பிரித்து வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சரி, 2011 ஓட்டையை இந்தப் பாலிசி தடுத்திருக்குமா? முழுதாகத் தடுத்திருக்காது. லாக்வாட்ச் தன் வேலைக்கே ஷெல்லையும் பெர்ல் ஸ்கிரிப்ட்களையும் கூப்பிடும் புரோகிராம். ஆகவே ஷெல் ஓட்டுகிற அனுமதி லாக்வாட்ச்_டிக்கு உண்டு. விஷமக் கட்டளை ஓடியிருக்கும். ஆனால் அந்த ஷெல்லும் லாக்வாட்ச்_டிக்குள்ளேயே இருக்கும். பெயரளவில் ரூட், ஆனால் பாஸ்வேர்டுகளுக்கான ஷேடோ கோப்பைத் திருத்த முடியாது, ரூட்டின் எஸ்எஸ்ஹெச் அடைவில் தன் சாவியை வைக்க முடியாது, கெர்னல் மாட்யூல் ஏற்ற முடியாது. லாக்குகளை எல்லாம் படிக்க மட்டும் முடியும். அதுவும் லேசான விஷயம் இல்லை, கீழே சொல்கிறேன். கட்டாய அணுகல் கட்டுப்பாட்டை விற்கிறவர்கள் "இது இருந்தால் ஓட்டையே கிடையாது" என்கிற தொனியில் பேசும்போது எனக்கு எரிச்சல் வரும். உள்ளே வந்தவன் எவ்வளவு தூரம் போவான் என்பதைத்தான் இது தீர்மானிக்கிறது.

இந்தப் பாலிசியில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு சின்ன அனுமதி. ரூட்டின் சர்வ வல்லமையை லினக்ஸ் கேபபிலிட்டி என்று துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதில் டிஏசி_ஓவர்ரைட் என்பது கோப்பின் படி, எழுது, இயக்கு அனுமதிகள் எல்லாவற்றையும் மீற விடும். டிஏசி_ரீட்_சர்ச் என்பது படிக்கவும் அடைவுக்குள் நுழைந்து தேடவும் மட்டும். லாக் படிக்கிற புரோகிராமுக்கு இரண்டாவது போதும். வேறு யூசருக்குச் சொந்தமான, அவர் மட்டுமே படிக்கும்படி 600 போட்ட லாக்கைத் திறக்க அது கட்டாயம் வேண்டும், முதலாவது எதற்கு? ஆனாலும் லாக்வாட்சின் பழைய பாலிசியில் இரண்டுமே இருந்தன. வேறு பல பாலிசிகளிலும் அப்படித்தான்.

காரணம் கெர்னலில் இருந்தது. ஒரு கோப்பைப் படிக்க வரும் புராசஸிடம் கெர்னல் முதலில் பெரியதான டிஏசி_ஓவர்ரைட் இருக்கிறதா என்று கேட்கும், இல்லையென்றால்தான் சிறியதைக் கேட்கும். பாலிசியில் பெரியது இல்லாவிட்டால், முதல் கேள்விக்கே ஆடிட் லாக்கில் "ஏவிசி: டினைட்" என்று ஒரு வரி விழுந்துவிடும். அந்த வரியில் காம் என்கிற இடத்தில் லாக்வாட்ச், எஸ்கான்டெக்ஸ்ட் என்கிற இடத்தில் லாக்வாட்ச்_டி, டிகிளாஸ் கேபபிலிட்டி, நடுவில் அடைப்புக்குறிக்குள் டிஏசி_ஓவர்ரைட் என்று பளிச்சென்று இருக்கும். அடுத்த கேள்வியில் சிறிய அனுமதியை வைத்துப் புரோகிராம் ஒழுங்காக வேலை செய்துவிட்டுப் போயிருக்கும், அது எங்கேயும் பதிவாகாது. பாலிசி எழுதுகிறவர் பார்ப்பது மறுக்கப்பட்ட வரியை மட்டும். அவர் அதை ஆடிட்2அலோ என்ற கருவியிடம் கொடுப்பார், அது "டிஏசி_ஓவர்ரைட் கொடு" என்று பாலிசி எழுதித் தரும், ஏற்றிவிடுவார். படிக்க வந்தவனுக்கு எழுதுகிற அதிகாரம் இப்படித்தான் கைக்கு வந்தது. 2017-இல் எஸ்இலினக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டீஃபன் ஸ்மாலி கெர்னலில் இந்த வரிசையை மாற்றினார். இப்போது படிக்க வருகிறவனிடம் சிறியதைத்தான் முதலில் கேட்கும். மாற்றியது சில வரிகள்தான். அதன் பிறகு ஃபெடோரா லினக்ஸில் பல பாலிசிகளிலிருந்து தேவையில்லாத டிஏசி_ஓவர்ரைட்டை உருவிவிட்டார்கள்.

ஆடிட்2அலோ மேல் எனக்கு இருக்கும் சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளியிலிருந்து வாங்கிய ஒரு அப்ளிகேஷன் எங்கள் சர்வரில் ஓடுகிறது. நிறுவுவதற்கான கையேட்டில் முதல் வரியே எஸ்இலினக்ஸை அணைத்துவிடுங்கள் என்பதுதான். அணைக்கவில்லை. அது தன் லாக்குகளை மூல அடைவுக்குக் கீழே டேட்டா என்று புதிதாக ஓர் அடைவு உண்டாக்கி அதற்குள் வைக்கிறது. பாலிசிக்குத் தெரியாத இடம் என்பதால் அங்கே உள்ள எல்லாவற்றுக்கும் டிஃபால்ட்_டி என்று லேபிள் விழும். லாக்வாட்ச் அதைத் தொட முடியாது. அந்த அப்ளிகேஷனின் பகுதி மட்டும் ரிப்போர்ட்டில் காலியாக வரும். கையால் ஓட்டிப் பார்த்தால் ஒழுங்காக வரும், ஏனென்றால் நம் ஷெல் கட்டுப்பாடு இல்லாத அன்கன்ஃபைன்ட்_டி, அதிலிருந்து ஓட்டினால் லாக்வாட்ச்_டிக்குள் போவதில்லை. "கையால ஓட்டினா வருது, கிரான்ல வரமாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அந்த மறுப்பு வரியை ஆடிட்2அலோவிடம் கொடுத்தால் லாக்வாட்ச்_டி டிஃபால்ட்_டி கோப்புகளைப் படிக்கலாம் என்று எழுதித் தரும். அதாவது, எங்கெல்லாம் யாரும் லேபிள் வைக்காமல் விட்டார்களோ அங்கெல்லாம் அதற்கு வழி. அந்த அடைவுக்குள் கஸ்டமர் கோப்புகளும் இருக்கலாம், சாவிக் கோப்பும் இருக்கலாம். சரியான மருந்து பாலிசியில் இல்லை, லேபிளில் இருக்கிறது. செமானேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் கட்டளையால் அந்த லாக் அடைவுக்கு வார்_லாக்_டி என்று பதிந்து, லேபிளைப் பதிந்தபடி ஒட்டும் ரெஸ்டோர்கான் ஓட்டினால் முடிந்தது. லாக்வாட்சின் பாலிசியில் கை வைக்கவே வேண்டாம். இதே வகையில் இன்னொன்று: ஹோம் அடைவிலிருந்து ஒரு லாக்கை எம்வி போட்டு நகர்த்தினால் பழைய லேபிளோடு வந்து உட்காரும், சிபி போட்டு நகலெடுத்தால் புது இடத்து லேபிளை வாங்கிக்கொள்ளும். பாலிசியைத் திட்டுவதற்கு முன் எல்எஸ்ஸுக்கு ஒரு பெரிய இசட் சேர்த்து லேபிளைப் பார்த்துவிட்டுத் திட்டலாம்.

உபுண்டு பக்கம் இருப்பவர்களுக்கு இதே வேலைக்கு ஆப்ஆர்மர். இம்யூனிக்ஸ் என்ற நிறுவனம் சப்டொமைன் என்ற பெயரில் தொடங்கியது. 2005-இல் நோவெல் வாங்கி இந்தப் பெயரை வைத்தது. 2010-இல் கெர்னலின் 2.6.36-இல் சேர்ந்தது. இது லேபிள் பார்ப்பதில்லை, கோப்பின் பாதையைப் பார்க்கும். அதனால் படிக்க எளிது, தப்பாக எழுதவும் எளிது. வார் லாக் அடைவுக்குப் பின்னால் இரண்டு நட்சத்திரம், அப்புறம் ஆர் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அந்த ஒரே வரியில் ஆடிட் லாக்கும், பல சேவைகளின் லாக்கை ஒன்றாகச் சேர்க்கும் ஜர்னலும், டேட்டாபேஸின் லாக்கும் சேர்ந்து போய்விடும். வேண்டாததை டினை போட்டு விலக்க வேண்டும். ஆப்ஆர்மரில் டினை எங்கே எழுதியிருந்தாலும் அதுதான் ஜெயிக்கும், வரிசை முக்கியமில்லை. ஆனால் டினை போட்டது மறுக்கப்படும்போது இயல்பில் லாக்கில் எதுவும் விழாது. ஏன் வேலை செய்யவில்லை என்று தேடும்போது இது பாடாய்ப் படுத்தும்.

ஆப்ஆர்மரில் லாக் வியூவருக்கு புரொஃபைல் (அங்கே பாலிசிக்கு அந்தப் பெயர்) எழுதுகிறவர்கள் மறக்கிற இடம், சுருக்கி வைத்த பழைய லாக். லாக்ரொட்டேட் ஒரு வாரத்துக்கு முந்தையதை ஜீஜிப்பாக்கி வைத்துவிடும். அதைத் திறக்க வியூவர் ஜீஜிப்பைக் கூப்பிடும். அப்போது எக்செக் அனுமதி தேவை. அவசரத்தில் பெரிய யூ, எக்ஸ் போட்டுவிட்டால் கூப்பிடப்பட்ட புரோகிராம் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் வெளியே ஓடும். ஐஎக்ஸ் போட்டால் அதே புரொஃபைலுக்குள்ளேயே இருக்கும். அதைத்தான் போட வேண்டும்.

இனி கையால் பார்ப்பவர்கள் பக்கம். லாக்கைப் பார்க்க நாம் எல்லோரும் பயன்படுத்துவது கடைசியில், கோப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ்தான். ஜர்னல்சிடிஎல் கட்டளையும் நீளமான வெளியீட்டை அதன் வழியாகத்தான் காட்டும். லெஸ்ஸுக்குள் ஆச்சரியக்குறி போட்டு ஒரு கட்டளை அடித்தால் அது ஷெல்லில் ஓடும். ஒரு ஜூனியருக்கு லாக் பார்க்க மட்டும் என்று, ரூட் அதிகாரத்தில் ஓட்ட அனுமதி தரும் சூடோவில் ஒரு கட்டளையைத் திறந்துவிட்டால், அதன் வழியாக முழு ரூட் ஷெல்லையே கொடுத்ததாக ஆகிவிடும். சிவிஇ-2023-26604 இதுதான்: சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 247-க்கு முந்தைய பதிப்புகள் லெஸ்ஸைப் பாதுகாப்பு நிலையில் ஓட்டவில்லை, அதனால் சூடோவில் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் பார்க்க அனுமதி பெற்றவர் ரூட் ஆகிவிடலாம். லெஸ்செக்யூர் என்ற சூழல் மாறியை 1 என்று வைத்தால் அந்த ஆச்சரியக்குறி வேலை செய்யாது. ஆனால் இது லெஸ் தானே ஒப்புக்கொண்டு நடந்துகொள்வது. கட்டாயப் பாலிசியில் அந்த டொமைனுக்கு ஷெல் ஓட்டும் அனுமதியே இல்லை என்று வைத்தால், லெஸ் என்ன நினைத்தாலும் கெர்னல் விடாது.

சங்கடம் என்னவென்றால், தேர்ந்தெடுத்த சேவைகளை மட்டும் கட்டுப்படுத்தும் வழக்கமான டார்கெட்டட் பாலிசியில் உள்நுழைந்த மனிதர்கள் யாரும் கட்டுப்படுத்தப்படுவதில்லை, எல்லோரும் அன்கன்ஃபைன்ட். கிரான் ஓட்டும் லாக்வாட்சுக்கு இவ்வளவு காவல், கையால் பார்க்கும் ஆளுக்கு ஒன்றும் இல்லை. எஸ்இலினக்ஸ் பாலிசிகளுக்கு அடிப்படையான ரெஃபரன்ஸ் பாலிசியில் லாக்அட்ம் என்று ஒரு ரோல் இருக்கிறது, ஆனால் அது லாக்கை நிர்வகிப்பதற்கு, அழிக்கவும் முடியும். படிக்க மட்டும் என்றால் நாமே ஒரு டொமைன் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். எல்லா லாக்கையும் படிக்கும் இடைமுகத்தை ஒரு வரியில் கூப்பிட்டு, ஷெல்லும் நெட்வொர்க்கும் இல்லாமல், டெர்மினலில் எழுதுவதை மட்டும் விட்டால் போதும். பெரிய வேலை இல்லை.

லாக்கைப் படிப்பது ஏன் லேசான விஷயம் இல்லை என்பதற்கு வருகிறேன். 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடி பயனர்களையும் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னது. திருப்பி அறிய முடியாதபடி ஹேஷ் செய்யும் முன்பே பாஸ்வேர்டுகள் உள் லாக் ஒன்றில் அப்படியே விழுந்துகொண்டிருந்தன. எவ்வளவு கவனமாக டேட்டாபேஸைப் பூட்டினாலும், டிபக் வரி ஒன்றை யாரோ எடுக்க மறந்தால் எல்லாம் லாக்கில் கிடக்கும். ஆண்ட்ராய்டில் இதை 2012-லேயே கவனித்தார்கள், 4.1-லிருந்து ஓர் ஆப் தன்னுடைய லாக்கை மட்டும்தான் படிக்க முடியும். அதற்கு முன் அனுமதி வாங்கிய எந்த ஆப்பும் போனில் உள்ள மற்ற ஆப்புகளின் லாக்கை எல்லாம் மேயலாம்.

நம் சர்வர்களில் ஜர்னல் வந்த பிறகு இந்த விஷயத்தில் ஒரு படி பின்னால் போயிருக்கிறோம் என்றே நினைக்கிறேன். முன்பு வெப் சர்வர் லாக்குக்கு ஒரு லேபிள், மற்றதற்கு ஒரு லேபிள். ஜர்னலில் பல சேவைகளின் வரிகளும் ஒரே பைனரி கோப்பில். எஸ்இலினக்ஸ் கோப்பைத்தான் பார்க்கும், உள்ளே இருக்கும் வரியை இல்லை. ஒவ்வொரு வரியோடும் அதை எழுதிய புராசஸின் எஸ்இலினக்ஸ் லேபிளையும் ஜர்னல் சேர்த்து வைக்கிறது. தேடுவதற்கு அருமை, தடுப்பதற்கு உதவாது. 2020-இல் வந்த 245-ஆம் பதிப்பிலிருந்து ஒரு சேவைக்குத் தனி லாக் நேம்ஸ்பேஸ் கொடுக்கலாம், அதன் ஜர்னல் தனி இடத்தில் போகும். ரகசியமானதை எழுதும் சேவைகளுக்காவது இதைப் போட்டுவைப்பது நல்லது.

கடைசியாக ஆடிட் லாக். ரெஃபரன்ஸ் பாலிசியில் அதற்கு ஆடிட்டி_லாக்_டி என்று தனி வகை. அதைப் படிக்கத் தனி இடைமுகம் கேட்டு வாங்க வேண்டும். என் சகா ஒருவர் அதையும் லாக்வாட்சுக்குக் கொடுத்துவிட்டால் தினசரி மெயிலிலேயே மறுப்புகளைப் பார்த்துவிடலாமே என்கிறார். ரூட் மெயில் எந்தெந்த இன்பாக்ஸுக்குப் போகிறது, யார் யாருக்கு ஃபார்வர்டு ஆகிறது என்று தெரிந்தவன் என்பதால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆடிட் லாக்கைத் தொகுத்துக் காட்டும் ஆயூரிப்போர்ட்டை நானே கையால் ஓட்டிப் பார்த்துக்கொள்கிறேன். பாலிசி பேக்கேஜ் புதிதாக ஏறிய நாளில் மட்டும் பாலிசியை ஏற்றும் செமாட்யூலுக்கு டி, பி இரண்டையும் பெரிய எழுத்தில் கொடுத்து, டோன்ட்ஆடிட் விதிகள் மறைத்து வைத்திருக்கும் மறுப்புகளையும் ஒரு இரவு வெளியே வரவிடுவேன். அன்றைய ஆடிட் லாக் மூன்று மடங்கு வீங்கியிருக்கும். பெரும்பாலும் குப்பைதான், ஆனால் லாக்வாட்ச்_டி எதையாவது புதிதாக எழுதப் பார்த்திருந்தால் அதில் தெரிந்துவிடும். காலையில் பி மட்டும் போட்டு மறுபடி மூடிவிடுவேன்.